பாலாடை என்று சொன்னவர்

ஒரு சொல்லை முழுதாக விட்டுவைக்க அவருக்கு மனம் வராது. மேலகரத்தில் இருக்கும் என் மருந்துக் கடைக்கு வந்தால், பெஞ்சில் உட்காரும் முன்பே மேசைமேல் கிடக்கும் ஏதாவது ஒரு மாத்திரை அட்டையை எடுத்துக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடிப்பார். உதடு அசையும். பிறகு கட்டைவிரல் நகத்தை அந்தப் பெயரின் நடுவில் வைத்து, கடலைத் தோட்டை உடைப்பதுபோல அழுத்துவார்.

"இந்த எடத்துல பிரியுது தம்பி."

பெரும்பாலும் அங்கே பிரியாது. மருந்துக் கம்பெனிக்காரன் ஓசைக்காக வைத்த பெயராக இருக்கும். நான் அதைச் சொல்வேன். அவர் ஒத்துக்கொள்ள மாட்டார். "வச்சவனுக்கே தெரியாம உள்ள ஒண்ணு இருக்கும்" என்பார்.

ஊரில் அவருக்குக் கப்பல் பாய் என்று பெயர். பிறந்தது கடையநல்லூரில் ஒரு தறிக்காரர் வீட்டில். வளைகுடாவுக்கு வேலைக்குப் போன கூட்டத்தோடு இளவயதில் போனவர், அங்கிருந்து நார்வே நாட்டுச் சரக்குக் கப்பல் ஒன்றில் சமையல்கட்டு வேலைக்குச் சேர்ந்தார். பிறகு அந்த நாட்டிலேயே, பெர்கன் என்ற துறைமுக ஊரில், ஒரு ஓட்டல் அடுக்களையில் பல வருடம் இருந்தார். நான் பழகிய காலத்தில் எழுபதைத் தாண்டியிருந்தார். குத்துக்கல்வலசையில் மகன் கட்டிய வீட்டின் மாடியில் குடியிருந்தார். அந்த ஊர்ப் பெயரையும் அவர் விட்டதில்லை.

"குத்துக்கல்லுன்னா நட்டுவச்ச கல்லு. அசையாது. வலசைன்னா ஊர்விட்டு ஊர் போறது. அசையாததையும் நிக்காததையும் சேத்து ஒரே பேரா வச்சிருக்கான் பாருங்க. எனக்குன்னே வச்ச ஊரு."

கட்டம் போட்ட கைலி, வெள்ளைச் சட்டை, சாரல் இல்லாத நாளிலும் கக்கத்தில் ஒரு குடை. இவ்வளவுதான் அவர் தோற்றம். மற்றதெல்லாம் வாய்.

நார்வேக்காரர்களின் பாஷையை அவர் படித்துக் கற்கவில்லை. பெட்டிகளின் மேல் எழுதியிருந்ததையும் தலைமைச் சமையல்காரன் திட்டியதையும் கேட்டுக் கற்றார். அந்தப் பாஷையில் இரண்டு மூன்று சொற்களை இடைவெளி விடாமல் ஒட்டி ஒரே சொல்லாக்கிவிடுவார்களாம். தூசியை உறிஞ்சும் மெஷினுக்குத் தூசியுறிஞ்சி. ஆமைக்குக் கேடயத்தவளை. ஆஸ்பத்திரிக்குச் சீக்குவீடு. "நீளமான சொல்லப் பாத்துப் பயப்படப்படாது தம்பி. கூட்ஸ் வண்டி வருதுன்னு வைங்க, கண்ணுக்கு எட்டுன தூரம் பாம்பாட்டம் தெரியும். பக்கத்துல போயிக் கொக்கியக் கழத்திட்டா எல்லாம் தனித்தனிப் பெட்டி. ஒவ்வொரு பெட்டியிலயும் நமக்குத் தெரிஞ்ச சாமான்தான் இருக்கும்."

குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டால் என் கடையில் நிற்க இடம் இருக்காது. அருவியில் குளித்துவிட்டுத் தென்காசிக்குத் திரும்புகிறவர்கள் வண்டியை நிறுத்தி இருமலுக்கும் சளிக்கும் காதடைப்புக்கும் மருந்து கேட்பார்கள். அப்படி ஒரு சாயங்காலம், குரல் கட்டிப்போன ஒரு மதுரைப் பையன் தொண்டையைத் தொட்டுக் காட்டிக்கொண்டு நின்றான். நான் மாத்திரை எடுக்கிறேன். பாய் பெஞ்சிலிருந்து ஆரம்பித்துவிட்டார்.

"தம்பி, இதுக்கு நார்வேல என்ன பேரு தெரியுமா? ஹால்ஸ்பெடென்னல்சே. ஹால்ஸ்னா தொண்டை. பெடென்னல்சேங்கது பத்தவைக்கது. அடுப்பப் பத்தவைக்கோம்லா, வெளக்கப் பொருத்துதோம்லா, அந்தச் சொல்லுலேர்ந்து வந்தது. தொண்டையில தீய வச்சிட்டான்!"

"யாரு?" என்றான் பையன், வராத குரலில்.

"ஐந்தருவிக்காரன்தான். வேற யாரு?"

கடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். கம்ப்யூட்டரில் பில் போட்டுக்கொண்டிருந்த என் மனைவி சங்கரியும் தலையைத் தூக்காமலே சிரித்தாள்.

சிரிக்க முடியாத நாளும் இருந்தது. கடையநல்லூர்ப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா, கணவருக்குத் திருநெல்வேலியில் எழுதிக் கொடுத்த மருந்துச்சீட்டைக் கொண்டுவந்தார். சீட்டின் தலைப்பில் ஆங்காலஜி என்று அச்சடித்திருந்தது. என்ன நோய் என்று அந்த அம்மாவுக்கு வீட்டில் சொல்லவில்லை என்பது அவர் பேச்சிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. வயிற்றுப்புண் என்றார். நான் ஒன்றும் சொல்லாமல் மருந்தைத் தேடினேன். திரும்பி வந்தபோது பாய் சீட்டைக் கையில் வைத்திருந்தார். மறு கையில் போன், அதில் அகராதி. "ஆங்கோன்னா கட்டி. லஜின்னா படிப்பு. கட்டியப் பத்திப் படிச்ச டாக்டரும்மா இவரு."

அந்த அம்மா மருந்து வாங்காமல் போய்விட்டார். நான் பாயைச் சத்தம் போட்டேன்.

"ஒங்களுக்குக் கூறு இருக்கா பாய்? அவுக வீட்டுல சொல்லாம வச்சிருக்காக. நீங்க யாரு சொல்லதுக்கு?"

அவர் கோபப்படவில்லை. உண்மையிலேயே புரியாமல் பார்த்தார். "பிரிக்காம வச்சிருக்க சொல்லுதான் தம்பி பயங்காட்டும். பிரிச்சுட்டா உள்ள என்ன இருக்கு? கட்டி. கட்டின்னா அந்தப் புள்ளைக்குத் தெரியும்லா."

அதற்குப் பிறகு அந்த அம்மா கடைக்கு வந்தால், வாசலில் நின்று பெஞ்சைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருவார்.

என் மகள் கோமதிக்கு அவரைச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். அவள் பெயரையும் அவர் உடைத்திருந்தார். கோ என்றால் மாடு, மதி என்றால் நிலா. "ஏட்டி மாட்டுநிலா, பள்ளிக்கூடம் விட்டாச்சா?" என்று தெருவில் வைத்துக் கூப்பிடுவார். அவள் அழுதுகொண்டு வருவாள். கொஞ்ச நாளில் அழுகை போய் அவளும் உடைக்க ஆரம்பித்துவிட்டாள். ஒருமுறை எல்லோருமாக ஐந்தருவிக்குப் போயிருந்தோம். பாய் குளிக்கவில்லை. கடலில் இருந்தவருக்குத் தலையில் தண்ணீர் விழுந்தால் ஆகாதாம். குடையை விரித்துக்கொண்டு ஓரமாக நின்றார். ஈரத் தலையோடு கோமதி போய், அருவிக்கு நார்வேயில் என்ன பெயர் என்று கேட்டாள்.

"ஃபோஸ்."

"அதப் பிரிங்க."

"அது பிரியாது."

"தோத்துட்டீங்க."

"விழுத தண்ணிய யாரால பிரிக்க முடியும்? போடி போ."

அவள் நர்சிங் படித்தாள். கொஞ்ச நாள் திருநெல்வேலியில் வேலை பார்த்தாள். பிறகு நார்வேயில் மேல்படிப்பு என்றாள். எங்கள் தெருவில் துபாய்க்கும் சவுதிக்கும் போகாத வீடு குறைவு. ஆனால் அந்த நாட்டுக்கு யாரும் போனதில்லை. சங்கரி பாயை நிறுத்திவைத்துக் கேட்டாள்: "எங்க புள்ள மனசுல இதப் போட்டது நீங்கதான பாய்?" அவர் குடையை ஒரு கக்கத்திலிருந்து இன்னொரு கக்கத்துக்கு மாற்றிக்கொண்டார். "நான் அந்த ஊர்ச் சொல்லத்தான்மா சொன்னேன். போன்னு சொல்லல."

பெர்கனிலேயே இடம் கிடைத்தது. போய்ச் சேர்ந்த முதல் குளிர்காலத்தில், கடைக்கு வீடியோ கால் போட்டு அவரை வம்புக்கு இழுத்தாள். மருத்துவச்சியை அங்கே யூர்மூர் என்கிறார்கள். யூர் என்றால் மண், மூர் என்றால் அம்மா. பிறந்த பிள்ளையை முதலில் மண்ணில் கிடத்துவார்களாம், அதைத் தூக்கி எடுக்கிறவள் மண்ணம்மா. இதை அவர் எங்களுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார்.

"பாய், அது மண்ணே இல்லையாம். எங்க டீச்சர் சொன்னாங்க. பச்சப்புள்ளைக்குப் பழைய காலத்துல வேற ஒரு சொல்லு இருந்துச்சாம். ஜனங்க அத மறந்துட்டாங்க. சத்தம் ஒண்ணுபோல இருக்கவும் மண்ணுன்னு மாத்திக்கிட்டாங்களாம். நீங்க இத்தன வருசமா எங்களை ஏமாத்தியிருக்கீங்க."

"கப்பல்ல எல்லாவனும் மண்ணம்மான்னுதான் சொன்னான்," என்றார். தோற்ற முகம். போனை என்னிடம் கொடுத்துவிட்டுப் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். பிறகு சொன்னார்: "புள்ளைங்குத சொல்லு இருந்த எடத்துல மண்ணப் போட்டு மூடிட்டானுவ, பாத்தீயளா?"

இப்போது அந்த நாளைச் சொல்ல வேண்டும். நன்றாகச் சொல்ல எனக்கு வராது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

ஆனி மாதம், சீசன் நேரம். கடை திறந்து கொஞ்ச நேரத்தில் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. கோமதியோடு ஒரே அறையில் இருக்கும் பெண், புனலூர்க்காரி, பெயர் ஷைனி. மலையாளமும் தமிழுமாகப் பேசினாள். முந்தின நாள் தலைவலி என்று படுத்தவள் நடுராத்திரியில் எழுப்பியும் எழவில்லை. ஆம்புலன்ஸ் வந்தது. இப்போது தீவிர சிகிச்சையில் மயக்கத்தில் வைத்திருக்கிறார்கள். மெனிஞ்சைட்டிஸ். அந்த ஒரு சொல்லை மட்டும் தெளிவான இங்கிலீஷில் சொன்னாள்.

நான் மருந்துக் கடைக்காரன். எனக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. மூளையைச் சுற்றியிருக்கும் சவ்வில் அழற்சி. அதில் என்னென்ன ஆகும், எத்தனை பேர் திரும்பி வருவார்கள், வந்தால் எப்படி வருவார்கள் என்பதெல்லாம் தெரியும். தெரிந்தும் உள்ளே ஒன்றும் நடக்கவில்லை. காதடைப்புக்குச் சொட்டு மருந்து கேட்டு ஒருவர் நின்றார். எடுத்துக் கொடுத்தேன். எத்தனை சொட்டு என்று கேட்டார். சொன்னேன். என் குரல் எப்போதும்போல இருந்தது. 

சங்கரியிடம் காய்ச்சல் என்று சொன்னேன். காய்ச்சல் கூடியிருக்கிறது, ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்க்கிறார்கள். ஷைனியிடமும் சொல்லிவைத்தேன், அம்மா கேட்டால் இதற்குமேல் சொல்ல வேண்டாம் என்று.

பாய் வழக்கம்போல வந்தார். அவரிடம் சொல்லாமல் இருக்க எனக்குத் தெம்பில்லை. மூளைக்காய்ச்சல் என்று சொன்னேன். வீட்டில் சொல்லவில்லை என்றும் சொன்னேன். கையில் எடுத்த மாத்திரை அட்டையை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தார். 

மத்தியானம், சாரல் விட்டு வெயில் அடித்த நேரத்தில், சங்கரி வந்தாள். வீட்டிலிருந்து நடந்தே வந்திருந்தாள். போனை என்னிடம் காட்டவில்லை. நேராக அவரிடம் நீட்டினாள்.

"பாய், அந்தப் புனலூர்ப் புள்ளைட்ட கேட்டேன். டாக்டர் என்ன பேரு சொல்லுதாருன்னு கேட்டா, அந்த ஊர்ப் பாஷையில என்னமோ நீளமா சொல்லுதா. பேசி அனுப்புட்டின்னு வாங்கிட்டு வந்திருக்கேன். இவுகட்ட கேட்டா காய்ச்சல் காய்ச்சல்ங்காக. நீங்க பிரிச்சுச் சொல்லுங்க."

ஷைனி என்ன நினைத்திருப்பாள் என்று எனக்குப் புரிந்தது. மெனிஞ்சைட்டிஸ் என்றால் அம்மா யாரிடமாவது கேட்டுவிடுவாள். நார்வே மொழியில் சொன்னால் மேலகரத்தில் யாருக்கு விளங்கப்போகிறது? பாவம், எங்கள் கடையில் கிடக்கும் பெஞ்சைப் பற்றி அவளுக்குத் தெரியாது.

போனில் அந்தக் குரல் வந்தது. யேர்னெஹின்னெபெடென்னல்சே. அவர் இன்னொரு தடவை போடச் சொன்னார். யேர்னெஹின்னெபெடென்னல்சே. யேர்னெ என்றால் என்ன என்று எனக்குத் தெரியாது. ஆனால் என்னவாக இருக்கும் என்று தெரியும். கடைசிப் பெட்டி எனக்கு நன்றாகவே தெரியும். மதுரைப் பையன் நின்ற இடத்தில்தான் நான் நின்றுகொண்டிருந்தேன். இவர் சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். மூளை, சவ்வு, தீ. அந்தக் கடையநல்லூர் அம்மாவுக்குச் சொன்னதுபோல, ஒவ்வொன்றாகக் கழற்றிச் சங்கரியின் கையில் வைத்துவிடுவார். தடுக்க வேண்டும் என்று தோன்றியது. தடுக்கவில்லை.

அவர் கட்டைவிரல் நகம் தன்னால் எழுந்து போன் கண்ணாடிமேல் போய் நின்றது. அங்கேயே நின்றது.

"நடுவுல ஹின்னென்னு வருதுல்லாம்மா," என்றார்.

"ஆமா."

"மெல்லிசா ஒரு ஆடை. பாலக் காச்சி எறக்கி வச்சா மேல படியும்லா, பாலாடை. அதுதான்."

"பாலாடையா?"

"பாலாடை மாதிரி ஒண்ணு. ஒடம்புக்குள்ள இருக்கும். அதுல கொஞ்சம் கோளாறு. மருந்து குடுத்தா சரியாப்போயிரும்."

சங்கரி விடவில்லை. "முன்னாடியும் பின்னாடியும் என்னமோ இருக்கே பாய்."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "அது கொக்கிம்மா. பெட்டியச் சேக்குத வெறுங்கொக்கி. அங்கன எல்லாச் சொல்லுலயும் வரும். அதுக்கு அர்த்தம் கெடையாது."

 சங்கரி "சரி" என்று போனை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அன்றைக்கும் அதற்குப் பிந்திய நாட்களிலும் விசாரிக்கிற எல்லோரிடமும் அதையே சொன்னாள். "ஒண்ணுமில்லயாம், பாலாடை மாதிரி ஒண்ணுல கோளாறாம். பாய் சொன்னாரு." பக்கத்து வீட்டில் சொன்னாள். அவள் அண்ணனுக்குப் போனில் சொன்னாள். உலகம்மன் சந்நிதியில் தெரிந்த அர்ச்சகரிடம் அர்ச்சனைக்குப் பெயர் சொன்னபோதும் சொன்னாள். நான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன்.

அவள் போனதும் பாய் தண்ணீர் கேட்டார். குடித்தார். எழுந்து குடையை எடுத்துக்கொண்டார். "புள்ள கண்ணு முழிச்சான்னா எனக்கு ஒரு சத்தம் குடுங்க தம்பி."   

கோமதி கண் விழித்தாள். உடனே அல்ல. அதற்குள் எனக்கும் சங்கரிக்கும் நடுவில் பேச்சு என்பதே இல்லாமல் போயிருந்தது. சாப்பாடு, பால், கடைச்சாவி, அவ்வளவுதான். ஷைனி வீடியோவில் அவளைக் காட்டினாள். முகம் வீங்கியிருந்தது. சங்கரி "கோமதி, கோமதி" என்று கூப்பிட்டாள். கோமதி முகத்தைத் திருப்பி வலது காதைப் போன் பக்கம் கொண்டுவந்தாள். இடது காது கேட்கவில்லை. இனியும் கேட்காது. அது எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. நான் கடையை விட்டு வெளியே வந்து, குத்துக்கல்வலசைக்குப் போன் போட்டு, "முழிச்சிட்டா பாய்" என்றேன்.  அந்தப் பக்கம் "அல்லாவுக்குத்தான் புகழெல்லாம்" என்று ஒரு முணுமுணுப்பு. போன் வைக்கப்பட்டது.

அதற்குப் பிறகும் அவர் கடைக்கு வந்தார். பெஞ்சில் உட்கார்ந்தார். மாத்திரை அட்டைகள் அவர் கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடந்தன. எடுக்கவில்லை. ஒருநாள் நானே புதிதாக வந்த ஒரு மருந்தின் பெயரைக் காட்டி "இது எங்க பாய் பிரியுது?" என்று கேட்டேன். வாங்கிப் பார்த்தார். "பேரு நல்லாத்தான் இருக்கு. இருக்கட்டுமே," என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு என்னவோபோல இருந்தது.

ஐப்பசி மழையில் ஒரு காலை அவர் எழவில்லை. கடையநல்லூரில் அடக்கம். மழையில் நனைந்த மண் கையில் ஒட்டியது. எல்லோரும் போட்டார்கள், நானும் போட்டேன். பெர்கனில் அப்போது விடிந்திருக்காது. விடிந்த பிறகு கோமதியிடம் சொன்னேன். "சரிப்பா" என்றாள். கேட்டதா என்று சந்தேகம் வந்து இன்னொரு தடவை சொன்னேன். "கேட்டுச்சுப்பா" என்றாள்.

அடுத்த சீசனுக்கு அவள் ஊருக்கு வந்தாள். இப்போது இங்கேதான் இருக்கிறாள், இன்னும் கொஞ்ச நாளில் திரும்ப வேண்டும். நான் இன்னும் சரியாகவில்லை. அவள் பக்கத்து அறையில் தூங்கும்போதும் என் போனில் வாட்ஸ்அப் சத்தம் கேட்டால், செய்துகொண்டிருக்கிற வேலை கையோடு நின்றுவிடுகிறது. கடைப் பெஞ்சை நான் எடுக்கவில்லை. வருகிறவர்கள் உட்காருகிறார்கள்.

நேற்றுக் காலை அடுக்களையில் மூன்று பேரும் இருந்தோம். வெளியே சாரல். சங்கரி பாலை இறக்கி வைத்திருந்தாள். கோமதி எதையோ நினைத்துச் சிரித்தாள்.

"எனக்கு வந்ததுக்கு அங்க எம்புட்டு நீளமான பேரு தெரியுமாம்மா? பாய் இருந்திருந்தா உக்காந்து கழத்திப் போட்டிருப்பாரு. யேர்னென்னா மூளை. ஹின்னென்னா…"

"தெரியும்," என்றாள் சங்கரி. "நடுவுல பாலாடை. கடைசில தீ."

நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

"அந்தத் தொண்டை கட்டுன பையன்ட்ட சிரிச்சுச் சிரிச்சுச் சொன்னாருல்லா, நானும் அங்கனதான இருந்தேன். போன்ல அந்தச் சொல்லோட வால் கேட்டப்பவே எனக்குத் தெரிஞ்சிட்டு."

"பெறகு ஏம்மா அவர்ட்டயே போய்க் கேட்ட?"

சங்கரி கரண்டியால் பால்மேல் படிந்திருந்த ஆடையை ஒரு ஓரமாக ஒதுக்கினாள்.

"வேற ஏதாவது சொல்லுதாரான்னு பாக்கத்தான்," என்றாள்.

பிறகு பாலை ஆற்றி, டம்ளரை மகளின் வலது பக்கமாகக் கொண்டுபோய் வைத்தாள்.